கல்லறைத் திருநாளுக்கு முன் பழைய கல்லறைத் தோட்டம்: எதை வெட்டலாம், எதை விடணும்?

அலையோரம்:
எங்கள் தேவாலயப் பங்கின் பழைய கல்லறைத் தோட்டம் கடலோரத்தில் இருக்கிறது, ஒன்றரை ஏக்கர் வரும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய கல்லறைகள், சில கருங்கல் பலகைகள், சில சலவைக்கற்கள். காரை இடுக்குகளில் அரசங்கன்றுகள். தரையில் தும்பை, விஷ்ணுகிரந்தி, எருக்கு. ஒரு பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்குள் ஜேசிபி விட்டுச் சமன்செய்து, களைக்கொல்லி அடித்து, கற்களை ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று பேச்சு நடக்கிறது. அங்கே ஆந்தை, அரணை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் இருக்கின்றன. குடும்பங்கள் வந்து மெழுகுதிரி ஏற்றிச் செபிக்க இடமும் வேண்டும், இந்த உயிர்களும் பிழைக்க வேண்டும். எதை, எப்போது, எப்படிச் செய்வது?

காரைவேலை:
முதலில் ஜேசிபியை நிறுத்துங்கள். பழைய தோட்டத்தில் கல் வைக்காத குழிகள் இருக்கும், மண்ணுக்குள் சரிந்த மேடைகளும் இருக்கும். வண்டி ஏறினால் அவை உள்வாங்கிவிடும்.

அரசங்கன்று மட்டும் போகத்தான் வேண்டும். பறவை எச்சத்தில் வரும் விதை காரையில் முளைத்து, வேர் பருக்கப் பருக்கச் செங்கல்லைப் பிளக்கும். பென்சில் கனத்துக்குள் இருந்தால், நல்ல மழை பெய்த மறுநாள் வேரோடு மெதுவாக உருவலாம். அதைவிடப் பெரிதானால் இழுக்காதீர்கள், கல்லும் கூடவே வரும். சிறு ரம்பத்தால் சுவரை ஒட்டி அறுங்கள். அறுத்ததோடு விட்டால் வேரிலுள்ள சத்தைக் கொண்டு மறுபடி தழைக்கும். அதனால் அறுத்த சில நிமிடங்களுக்குள், பட்டைக்கு அடியில் தெரியும் பச்சை வளையத்தில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைச் சிறு தூரிகையால் தடவ வேண்டும். தெளிக்கக் கூடாது. மழை வருகிற நாளிலும் வேண்டாம். உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே இதைக் கையாளலாம் என்று மத்திய அரசு 2022இல் ஆணையிட்டது, அப்படி ஒருவரை அழையுங்கள். மருந்தே வேண்டாம் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விடாமல் செய்தால் வேர் பட்டினியில் சாகும், ஆனால் நாளாகும்.

செத்த வேரைத் தோண்டாதீர்கள். அது மக்கிய பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல் கலந்து இடுக்கை அடைத்துவிடுங்கள். கடல்மணல் கூடவே கூடாது, உப்பு செங்கல்லைத் தின்னும். அடைக்கும் முன் இடுக்கை நனைத்து, அடைத்த பின் ஈரச்சாக்கு போட்டுப் பத்து நாளாவது காயாமல் பார்க்க வேண்டும். வடகிழக்கு மழையில் காரை கரைந்துவிடும், இதைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகப்பு பொரிந்து உதிரும். சிமெண்டின் ஓரத்தில் விழும் விரிசலில் அடுத்த அரசங்கன்று முளைக்கும்.

ஆசிட்டைப் பற்றி: சலவைக்கல் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும், பெயரும் தேதியும் அதோடு போகும். கருங்கல்மேல் ஊற்றினாலும் வழிந்து கீழே உள்ள காரையைத்தான் அரிக்கும். எழுத்தைப் படிக்க வேண்டுமானால் சாயங்காலம் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், மங்கிய எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும்.

பாறைப்பாசி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கல்லில் சாம்பல், வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் வட்டவட்டமாக ஒட்டியிருப்பது அழுக்கு அல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பாறையோடு ஒட்டி வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் பரவும், ஆகவே உள்ளங்கை அகல வட்டம் பல பத்தாண்டு வயதுடையதாக இருக்கலாம். பிரிட்டனில் உள்ள லைக்கன் இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவாலய வளாகங்களில் பதிவாகியிருக்கின்றன. காரணம், நூற்றாண்டுக்கணக்கில் யாரும் நகர்த்தாத கல் அங்கே கிடைக்கிறது, அதுவும் பல வகைக் கல். உங்கள் தோட்டத்திலும் கருங்கல், சலவைக்கல், காரை மூன்றும் உண்டு. கருங்கல் போன்ற அமிலத்தன்மையுள்ள கல்லில் வளர்வது பெரும்பாலும் சலவைக்கல், காரை போன்ற சுண்ணாம்பில் வளராது, இரண்டுக்கும் வேறு வேறு கூட்டம்.

கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர் இரண்டும் வேண்டாம். நிழலில் வழவழப்பாகப் பச்சை படர்ந்திருந்தால் அது வெறும் பாசி, தேங்காய்நாரையும் தண்ணீரையும் வைத்துத் தேய்க்கலாம். பெயர் தெரிய வேண்டுமென்று குடும்பத்தார் கேட்டால் எழுத்துள்ள பகுதியை மட்டும் அப்படித் துடைத்து, மற்றதை விடுங்கள். மெழுகுதிரியைக் கல்லின்மேல் நேரடியாக நட வேண்டாம், மணல் நிரப்பிய மண்சட்டியில் ஏற்றச் சொல்லுங்கள். உருகிய மெழுகு கல்லின் துளைகளில் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

தும்பைக்காடு:
தரைச் செடிகள் பற்றி. மழைக்காலத்தில் முளைக்கிற சிறு செடிகள் பூத்து விதை உதிர்க்கக் காலம் வேண்டும். அக்டோபர் கடைசியில் மொத்தமாகச் சுரண்டினால் அவ்வருட விதை போச்சு. நடைபாதை ஒரு மீட்டர் அகலத்துக்கும், ஆட்கள் வரும் கல்லறைகளைச் சுற்றியும் இப்போது வெட்டுங்கள். மீதியைப் பிப்ரவரியில். எப்போது வெட்டினாலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் அடி விடுங்கள். வெட்டியதை ஒரு நாள் ஓரமாகக் குவித்து, பூச்சிகள் வெளியேறியதும் அகற்றுங்கள். அங்கேயே கிடந்தால் மண்ணுக்கு உரமேறி, முரட்டுப் புல் வந்து விஷ்ணுகிரந்தி போன்ற குட்டிச் செடிகளை மூடிவிடும். கொளுத்தாதீர்கள், அரணையும் சாகும், கல்லும் வெடிக்கும்.

எருக்கில் நாலைந்தை விடுங்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தின்றுதான் வளர்கிறது. தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதா என்று தேடி, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். சிவப்புடல் அழகி, ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் அதன் இலையில் முட்டையிடும்.

சீமைக்கருவேலத்தைத் தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே, சுமார் ஒரு அடி ஆழத்தில் அறுக்க வேண்டும். கல்லறைக்கு அருகில் தோண்டாமல், அரசங்கன்றுக்குச் சொன்ன மருந்து முறையே போதும்.

வேலையை நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போங்கள், ஊர்வனவற்றுக்குத் தப்ப வழி இருக்கும். சருகில் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம். பூட்ஸ் போட்டு, கையை விடும் முன் நீளக் குச்சியால் கிளறுங்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். புள்ளி ஆந்தை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பொந்துகளில் முட்டையிடும், எந்தப் பொந்தையும் பார்க்காமல் அடைக்காதீர்கள்.

அலையோரம்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு கல்லறையை அரசமரம் முழுசாகக் கவ்வி நிற்கிறது, அடிமரம் தொடையளவு. அதையும் அறுப்பதா?

காரைவேலை:
வேண்டாம் அண்ணா. இப்போது அந்த வேர்தான் செங்கல்லைப் பிடித்து நிற்கிறது. மரத்தைக் கொன்றால் வேர் மக்கும்போது மேடை சரியும். காற்றில் ஆடாதபடி மேல்கிளைகளை மட்டும் குறைத்துவிட்டு, ஆண்டுக்கொருமுறை அதே இடங்களிலிருந்து படமெடுத்து விரிசலை ஒப்பிடுங்கள். இன்னொன்று: பழவேற்காடு டச்சுக் கல்லறை போலத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமானால், அவர்கள் அனுமதியில்லாமல் எதிலும் கைவைக்கக் கூடாது. உங்கள் தோட்டம் அந்தப் பட்டியலில் உண்டா என்று வேலை தொடங்கும் முன் விசாரியுங்கள்.