புல்லட் என்ஜின் கவரில் ஆழமான கீறலும் அரிப்புக் குழிகளும்: பெயிண்ட் அடிக்கும் முன் எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

என்னிடம் இருப்பது 1987ஆம் ஆண்டு புல்லட் 350. கடற்கரையை ஒட்டிய வீட்டில் பல ஆண்டுகள் நின்றிருந்ததால், இடப்பக்கத்து அலுமினிய பிரைமரி செயின் கவரில் (என்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினை மூடும் கவர்) வெண்மையாகப் பூத்து, சிறு குழிகள் விழுந்திருக்கின்றன. வண்டி ஒருமுறை சாய்ந்தபோது ஃபுட்ரெஸ்ட் மடங்கி உரசியதில், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறலும் உண்டு. பழைய பெயிண்ட்டை நீக்க காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கலாம் என்றும், கீறலைக் கார் பட்டி (கார் பாடியின் பள்ளங்களை நிரப்பும் பசை) வைத்து அடைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். இவ்விரண்டும் சரியா?

மறுமொழி 1

காஸ்டிக் சோடாவை அருகிலும் கொண்டுவராதீர்கள், ஐயா. அது பெயிண்ட்டோடு நிற்பதில்லை. அலுமினியத்தையே கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரை, அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கீறலுக்கு ஆர்கான் வெல்டிங்தான் நிலையான வழி என்பது என் கருத்து. அதே உலோகத்தால் நிரப்பி, அரத்தால் சீவி, எமரித் தாளால் தேய்த்துவிட்டால் பிறகு அங்கே உரிந்துவர எதுவும் இருக்காது. அரத்தின் பற்களில் அலுமினியம் அப்பிக்கொள்ளும் என்பதால், முதலில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு சீவுங்கள்.

மறுமொழி 2

காஸ்டிக் சோடாவைப் பற்றி நண்பர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இந்தக் கவருக்கு வெல்டிங் தேவையில்லை என்று நினைக்கிறேன். பழைய புல்லட்டில் அந்தக் கவரை ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சீராக அமர்ந்தால்தான் ஆயில் நிற்கும். வெல்டிங் சூட்டில் விளிம்பு சிறிதே கோணினாலும் கசிவு தொடங்கிவிடும். மேலும், பல ஆண்டுகள் ஆயிலில் ஊறிய வார்ப்பில் வெல்டிங் வைத்தால் துளைத்துளையாகப் பொங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விரிசல், போல்ட் மாட்டும் காது உடைந்தது, போல்ட் துளை ஆகியவை வெல்டிங்குக்கு உரியவை. தோற்றத்தை மட்டும் கெடுக்கும் கீறலுக்கு, அலுமினியத் தூள் கலந்த இரட்டைக் குழாய் எபாக்ஸி (இரு குழாய்ப் பசைகளையும் கலந்தால் கல்போல் இறுகுவது) போதும்.

சாதாரணக் கார் பட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். என்ஜின் சூட்டிலும் அதிர்விலும் அது நாளடைவில் விளிம்பில் விட்டுக்கொடுக்கும்.

வெண்பூச்சு முழுவதும் போய் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை குழிகளைச் சுரண்டுங்கள். அடியில் மிஞ்சிய அரிப்பு பெயிண்ட்டுக்குள்ளேயே வளரும். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் புதிய அரிப்புக்கு வழிவிடும். பிறகு அசிட்டோனால் துடைத்து, கவரை மிதமாகச் சூடாக்குங்கள். ஆனால் அசிட்டோன் முழுவதும் ஆவியான பிறகே சூடாக்க வேண்டும், அருகில் நெருப்பும் இருக்கக் கூடாது. சூட்டில் வார்ப்பின் நுண்துளைகளிலிருந்து ஆயில் வியர்த்து வரும். ஆறவைத்துத் துடைத்து, ஆயில் வருவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பெயிண்ட் உரிந்தது என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வேலையைத்தான் விட்டிருப்பார்கள்.

எபாக்ஸியைக் கீறலைவிடச் சற்று மேடாக வைத்து, ஒரு முழு நாள் இறுகவிட்டு, 120, 220, 400 எண் தாள்களில் வரிசையாகத் தேயுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எபாக்ஸியே வைக்கிறேன். பெயிண்ட்டுக்குப் பதிலாகப் பவுடர் கோட்டிங் செய்யலாமா? பிரைமர் எது?

மறுமொழி 2

பவுடர் கோட்டிங்கில் பெயிண்ட் தூளைத் தூவிச் சூளையில் உருக்குவார்கள்; அந்தச் சூளை 180 முதல் 200 டிகிரி செல்சியஸ்வரை போகும். அந்தச் சூட்டைத் தாங்கும் என்று உங்கள் எபாக்ஸியின் உறையில் இருந்தால் மட்டுமே அதை யோசிக்கலாம். ஸ்ப்ரே பெயிண்ட்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு படலம் உடனே உருவாகத் தொடங்கிவிடுவதால், தேய்த்த அன்றே துடைத்து, அலுமினியத்தில் பிடிக்கும் எபாக்ஸி பிரைமரை மெல்லிய இரு பூச்சாக அடியுங்கள். ரப்பர் சீல் அமரும் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டி, பெயிண்ட் படாமல் காத்துக்கொள்ளுங்கள்.