கண்குழியில் வைத்த தகடும் உருண்டையும்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

கார்க் பந்து பட்டு என் தம்பியின் கண்குழித் தரையெலும்பு உடைந்தது. பார்வைக்குச் சேதமில்லாததால் வீக்கம் வடிந்தால் போதும் என்றிருந்தோம். ஆனால் மேலே பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன, கன்னமும் மரத்துப்போயிருந்தது. கண்ணின் கீழ்த்தசை உடைப்பில் சிக்கியிருந்ததை சி.டி. ஸ்கேன் காட்டியது.

அந்த எலும்பு முட்டையோட்டைப் போல மெல்லியது என்பதால், துண்டுகளை ஒட்டவைக்க முயலாமல் அதன்மேல் ஒரு தகட்டை வைத்து மூட வேண்டும் என்றார் மருத்துவர். இடுப்பெலும்பை எடுத்து வைத்தால் உடம்பில் இன்னொரு காயம். வைத்த எலும்பும் நாளடைவில் கரைந்து குறையலாம். டைட்டானியம் வலை வளைத்த வடிவிலேயே நிற்கும், பெரிய உடைப்புக்கு ஏற்றது. ஆனால் வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும், திசு அதன் கண்ணிகளில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். தம்பியின் உடைப்பு சிறியது. ஆகவே, கத்தரிக்கோலால் வெட்டக்கூடியதும், நுண்துளைகளுக்குள் இரத்தக்குழாய்கள் வளர்ந்து பிடித்துக்கொள்வதுமான பாலிஎத்திலீன் தகட்டைக் கீழிமையின் உட்புறம் வழியாக வைத்தார். அதன்பின் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள், ஏனெனில் கன்னத்துக் காற்றறையிலிருந்து காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். இரட்டைப் பார்வை ஒரு மாதத்தில் மறைந்தது. மரப்பு நீங்க ஏழு மாதமாயிற்று.

இரண்டாண்டு கழித்துத் தலைவலிக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் தகடு தெளிவாகத் தெரியாததால், ஸ்கேன் பார்த்தவர் குழம்பினார். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பொருளின் பெயர் இருந்ததே கைகொடுத்தது. அந்தத் தாளைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

*

மேலே எழுதிய சகோதரருக்கு: எங்கள் வீட்டில் கதை வேறு. காயத்தால் அப்பாவின் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. காலியான கண்குழியில் வைக்க, பவளத்திலிருந்து செய்யும் ஹைட்ராக்சிஅபடைட் உருண்டையைப் பற்றியும் கேட்டோம். சொரசொரப்பான அதன் பரப்பு மேல்சவ்வை உரசக்கூடும் என்பதையும் விலையையும் எண்ணி, வழுவழுப்பான சிலிகோன் உருண்டையைத் தேர்ந்தோம். 20 மி.மீ. உருண்டை சுமார் 4.2 மி.லி. இடத்தையே நிரப்பும்; இயல்பான கண்ணோ ஏறத்தாழ 7 மி.லி. மீதியை, ஆறு வாரம் கழித்து முன்னால் பொருத்திய செயற்கைக் கண் நிரப்புகிறது. தசைகளை உருண்டையைச் சுற்றித் தைத்திருப்பதால், அப்பா பக்கவாட்டில் பார்க்கும்போது செயற்கைக் கண்ணும் சிறிது அசைகிறது. அதை முதன்முதலில் கண்ட அன்று அம்மா அழுதுவிட்டார். கழுவுவதற்காகச் செயற்கைக் கண்ணைக் கழற்றும்போதெல்லாம், உள்ளே இளஞ்சிவப்புச் சவ்வு எங்கேனும் விலகி உருண்டை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.