ஸ்மூத்தா ட்ரெண்ட் ஆகுற ஸ்டாக்கை எப்படி ஃபில்டர் பண்றீங்க?

ஸ்விங்பழகுறவன்:
ரெண்டு மூணு வாரம் கையில வச்சு விக்கிற ஆளு நான். ஏடிஎக்ஸ் (ட்ரெண்ட் எவ்ளோ பலமா இருக்குனு காட்டுற நம்பர்) 25க்கு மேல, விலை 50 நாள் ஆவரேஜுக்கு மேலனு ஸ்கேனர்ல போட்டு எடுக்குறேன், வர்றதுல பாதி ரம்பம் பல்லு மாதிரி இருக்கு, நாலு நாள் ஏறினதை ரெண்டே நாள்ல கொட்டிட்டு நம்ம ஸ்டாப்லாஸை (நஷ்டம் இதுக்கு மேல வேணாம்னு விக்க வச்ச விலை) தட்டிட்டு அப்புறம் ஜம்முனு மேல போகுது. கடுப்பாகுது. படிக்கட்டு மாதிரி நிதானமா ஏறுற சார்ட் கண்ணால பார்த்தா தெரிஞ்சிடுது, ஆனா தினமும் 500 சார்ட்டை யாரு புரட்டுறது? நம்பரா பிடிக்க வழி இருக்கா?

கோடுபோடுறவர்:
ஏடிஎக்ஸ் ட்ரெண்டோட பலத்தைத்தான் காட்டும் தம்பி, வழவழப்பை இல்ல. விழுற ஸ்டாக்குக்கும் ஏறும். நான் பண்றது: கடைசி 90 நாள் க்ளோசிங் விலைக்கு லாக் எடுத்து அதுல ஒரு ரெக்ரெஷன் கோடு (எல்லா புள்ளிக்கும் நடுவுல ஒட்டிப்போற நேர்கோடு). எக்ஸெல்லயே ஸ்லோப் (கோட்டோட சாய்வு), ஆர்எஸ்க்யூ (ஆர் ஸ்கொயர்)னு ஃபங்ஷன் இருக்கு. ஆர் ஸ்கொயர் 1 பக்கத்துல இருந்தா விலை கோட்டை ஒட்டியே போகுதுனு அர்த்தம். ஸ்லோப்பை வருஷக் கணக்குக்கு மாத்தி ஆர் ஸ்கொயரால பெருக்கி வரிசைப்படுத்துங்க. ஒரு நாளைக்கு 0.002 ஸ்லோப்னா 250 நாளைக்கு சுமார் 65% வரும், ஆர் ஸ்கொயர் 0.9னா மார்க் 58, 0.5னா 32. ஆட்டம் போடுற ஸ்டாக் தானா கீழ போயிடும்.

சத்தம்குறைவு:
இவ்ளோ கணக்கு எதுக்கு, காஃப்மேன்னு ஒரு ட்ரேடர் சொன்ன எஃபிஷியன்சி ரேஷியோ போதுமே. 10 நாள்ல 100ல இருந்து 110 போச்சு, நிகரம் 10. தினசரி ஏத்த இறக்கத்தை குறி பார்க்காம கூட்டுங்க, 14 வந்தா 10/14 = 0.71, நல்ல பையன். 40 வந்தா 0.25, அதான் உங்க ரம்பம்.

அடிபட்டுதெளிஞ்சவன்:
ரெண்டு பேரு சொன்னதும் சரிதான், ஆனா ரெண்டுமே கேப்ல (விலை திடீர்னு தாவுறது) ஏமாந்துடும். 45 நாள் விலை அசையாம கிடந்து ஒரே நாள் குதிச்சு மறுபடி 45 நாள் அசையாம கிடக்குதுனு வைங்க, அதோட ஆர் ஸ்கொயர் 0.75 வரும், எஃபிஷியன்சி ரேஷியோ முழுசா 1! ட்ரெண்டே இல்லாத ஸ்டாக் ப்ரோ அது. அதனால ஒரே நாள்ல 15%க்கு மேல ஆடினதை முதல்லயே தூக்கிடுறேன்.

இன்னொண்ணு, ஆர் ஸ்கொயரை மட்டும் வச்சு வரிசைப்படுத்தாதீங்க. டேக்ஓவர் ஆஃபர் (கம்பெனியை இந்த விலைக்கு வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் கேக்குறது) வந்த கம்பெனி ஆஃபர் விலையை நோக்கி எறும்பு மாதிரி ஊரும், அழகா மேல வந்து உக்காரும், அதுல லாபத்துக்கு இடமே இல்ல. சர்க்யூட் லிமிட் (ஒரு நாளைக்கு விலை இவ்ளோதான் ஏறலாம், இறங்கலாம்ங்கிற வரம்பு) இருக்குற மார்க்கெட்ல தினமும் அப்பர் சர்க்யூட் அடிக்கிற ஸ்டாக் இன்னும் மோசம், ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கும், விக்க ஆளே இருக்க மாட்டான், நமக்கு கிடைக்கிற அன்னைக்கு லோயர் சர்க்யூட் ஆரம்பிச்சிருக்கும். நான் மாட்டினேன், ஆறு நாள் வெளிய வர முடியல. வால்யூம் (எவ்ளோ பங்கு கைமாறுதுங்கிற எண்ணிக்கை) ஃபில்டர் கண்டிப்பா வேணும்.

ஸ்விங்பழகுறவன்:
0.75 கணக்கை நம்பாம எக்ஸெல்ல போட்டே பார்த்துட்டேன், அப்படியே வருது ப்ரோ. கேப், வால்யூம் ரெண்டு ஃபில்டரும் சேர்த்தா 500ல 30 கூட மிஞ்சல, அதை கண்ணால பார்த்துடலாம். நான் மூணு வாரம்தான் வச்சிருப்பேன், 90 நாள் ஜாஸ்தியா?

கோடுபோடுறவர்:
40 போட்டு பாருங்க. 20க்கு கீழ வேணாம், அவ்ளோ கம்மி நாள்ல எந்த குப்பைக்கும் நல்ல ஆர் ஸ்கொயர் வந்துடும். ஸ்டாப்லாஸை 14 நாள் ஏடிஆரோட (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச், அதாவது ஸ்டாக் ஒரு நாளைக்கு சராசரியா ஆடுற அளவு) ரெண்டு மடங்கு தள்ளி வைங்க.