புதுப்பிப்பு: அம்மாவின் மருத்துவ அறிக்கை கிடைத்துவிட்டது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக், 'கோப்பு எங்கள் சொத்து' என்று சொல்லி அம்மாவின் மருத்துவ அறிக்கையைத் தர மறுத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன்.

சரி, அறிக்கை வந்துவிட்டது. கோப்பு அவர்கள் சொத்துதான், அதில் தப்பில்லை. ஆனால் நோயாளி கேட்டால், நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதித் தர வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிமுறைகளில் இது இருக்கிறது. தம்பி அதைச் சுட்டிக்காட்டி மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தான். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) கடித நகலில், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சாப், அதாவது முத்திரை, அடித்துத் தந்தார் (அந்தச் சாப்பை மட்டும் கேட்டு வாங்காமல் வராதீர்கள்). அப்புறம் ஒரு மறுப்பும் வரவில்லை.

'மருத்துவ மன்றத்தில் புகார் கொடு' என்று பலர் சொன்னீர்கள். மலேசிய மருத்துவ மன்றம், 1971 மருத்துவச் சட்டப்படி, டாக்டரின் பதிவையும் நடத்தையையும் பார்க்கும். கிளினிக்கின் பதிவு, பில், அறிக்கை விவகாரமெல்லாம் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம். நஷ்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் ஈப்போவில் நிபுணரைப் பார்க்கிறோம். மருந்து அளவு, பழைய ரத்தப் பரிசோதனை எல்லாம் அறிக்கையில் இருக்கிறது.