பாட்டி கொண்டுவந்த குரோட்டன்ஸ்: நிறம் போனதும் திரும்பி வந்ததும்

செந்தூல், கோலாலம்பூர்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் குரோட்டன்ஸ் கடையில் வாங்கியதில்லை. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் வேலி மாதிரி நின்ற செடி அது. தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்ன வருடம், எல்லாரும் அம்மி, பாய், சாமி படம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பாட்டி நாலு கொம்பை ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே கோலாலம்பூர் வந்து சேர்ந்தார். நாலில் இரண்டு பிழைத்தன.

ஒன்று சுருள் இலை. நாடாவை முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். இன்னொன்றை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். இலை பாதியில் நின்றுவிடும். நடுநரம்பு மட்டும் நூல் மாதிரி அரை விரல் நீளத்துக்குப் போய், அதன் நுனியில் மறுபடி ஒரு குட்டி இலை தொங்கும். காற்றடித்தால் குட்டி மட்டும் தனியாக ஆடும். சின்ன வயதில் நானும் தம்பியும் அதைத் ‘தாயும் பிள்ளையும்’ என்றுதான் சொல்வோம்.

சில வருடங்களுக்கு முன் வீட்டு முகப்புக்குக் கூரை நீட்டினோம். கார் நனையக்கூடாது என்று செய்தது. இரண்டு தொட்டிகளும் அந்தக் கூரைக்குக் கீழே போய்விட்டன. நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன். செடியும் நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் சிவப்பு மங்கி, மஞ்சள் மறைந்து, கடைசியில் வெறும் பச்சையாக நின்றது. இன்னும் கொஞ்சம் உரம் போட்டேன். பச்சை இன்னும் அடர்ந்தது. பாட்டி அப்போது அத்தை வீட்டில் இருந்தார். தீபாவளிக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே செடியைப் பார்த்துவிட்டார்.

“நிழல்ல வச்சிட்டு நிறத்தத் தேடுனா எங்கேருந்து வரும்?”

அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலையே தொட்டிகளைத் தூக்கி கேட் ஓரம் வெட்டவெளியில் வைத்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். இரண்டு வருடம் நிழலில் இருந்த இலை கோலாலம்பூர் மத்தியான வெயிலை எப்படித் தாங்கும்? நாலே நாளில் திட்டுத் திட்டாக வெளுத்து, காய்ந்து, பாதி இலை கொட்டிவிட்டது. முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் பதினொரு மணி வரை, அப்புறம் முழு வெயில் என்று படிப்படியாக நகர்த்தியிருக்க வேண்டும். அதுவும் பிறகு பாட்டி சொல்லித்தான் தெரியும்.

மொட்டைக் கொம்பில் மூன்று வாரத்தில் துளிர் வந்தது. முதலில் இளம்பச்சை, அதில் மஞ்சள் நரம்பு. இலை முற்ற முற்ற நரம்போரம் ஆரஞ்சு ஏறியது. பிறகு நடுவில் தொடங்கி விளிம்பு வரை சிவந்தது. நிழலில் இருக்கும் செடி கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. மஞ்சள் உள்ளேயே இருந்தாலும் பச்சை அதை மூடிவிடும். சிவப்பு நிறமிக்கு வெயில் இல்லாமல் வழியே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படுகிற இடம் என்றால் என் செடி நிறத்தை விடுவதில்லை.

பதியன் போட்டதையும் சொல்ல வேண்டும். கொம்பு நட்டால் பாதிதான் பிழைக்கிறது என்பதால் பாட்டி பதியன் போடக் கற்றுக்கொடுத்தார். மலாயில் ‘தூட்’ என்பார்கள். பென்சிலைவிடத் தடித்த கொம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கத்தியால் சுற்றிலும் ஒரு கோடு, ஒரு அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. நடுவில் இருந்த பட்டை மோதிரம் மாதிரி கழன்று வந்தது. வெள்ளைப் பால் வடிந்ததைத் துணியால் ஒற்றினார். அப்புறம் கத்தியின் முதுகால், பட்டைக்கு அடியில் இருந்த வழுவழுப்பை முழுக்கச் சுரண்டினார். “பால் மரத்துல இந்த எடத்துல கத்தி பட்டா கங்காணி உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு. இதுல படலன்னா வேர் வராது” என்றார்.

முப்பது வருடம் பால் வெட்டிய கை அது. ரப்பர் மரத்தில் அந்த வழுவழுப்பு காயப்பட்டால் புதுப் பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகிவிடும். குரோட்டன்ஸில் அதை விட்டுவைத்தால் பட்டை மறுபடி கூடிக்கொண்டுவிடும், வேர் வராது. ரப்பரும் குரோட்டன்ஸும் ஆமணக்கும் மரவள்ளியும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று நான் பின்னாளில் படித்தேன். பாட்டிக்கு அந்தப் பாலைப் பார்த்ததுமே அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரைக் காயத்தைச் சுற்றி வைத்து, பிளாஸ்டிக்கால் மூடி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினோம். ஆறாவது வாரம் பிளாஸ்டிக் வழியாக வெள்ளை வேர் தெரிந்தது. கட்டுக்குக் கீழே வெட்டித் தொட்டியில் வைத்தோம்.

அப்படி வந்த முதல் தொட்டியைப் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம், அதாவது மலாய்க்கார அம்மாவிடம், நீட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கினார். அவர்கள் இதைப் ‘பூடிங்’ என்பார்களாம். கல்லறையில் நடுகிற செடியாம். தெரியாமல் தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்குப் பதறியது. “இல்லை, கொடு” என்று வாங்கிக்கொண்டார். அந்த வாரமே எடுத்துக்கொண்டு போய்த் தன் கணவரின் கல்லறைத் தலைமாட்டில் நட்டிருக்கிறார். ஹரி ராயா பெருநாள் காலையில் அங்கே போய்விட்டு வந்தவர், கேட்டருகே என் கையைப் பிடித்து “சிவந்திருக்கு” என்றார்.

உங்கள் வீட்டுக் குரோட்டன்ஸ் எப்படி? சொல்லுங்கள்.

ஜெலுத்தோங், பினாங்கு

அக்கா, உங்கள் பாட்டி கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் லயத்தில் வளர்ந்தவர்தான், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம், நடைபாதைக் கைப்பிடிச் சுவர் ஓரம் நாலு தொட்டி. வெயிலுக்குக் குறைவில்லை. எங்கள் தொல்லை சிலந்திப்பேன் என்ற பொடிப் பூச்சி. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைவு, காற்றும் காய்ந்திருக்கும். அந்தச் சமயம் இலை புழுதி படிந்த மாதிரி மங்கியது. புழுதிதான் என்று துடைத்தேன், போகவில்லை. அம்மா இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி இரண்டு தட்டுத் தட்டினார். தாளில் விழுந்த தூசி மெதுவாக நடக்க ஆரம்பித்தது! மருந்து எதுவும் அடிக்கவில்லை. குளியலறைக்குத் தூக்கிப் போய், இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி, மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று மூன்று வாரம் கழுவினோம். போய்விட்டது. இப்போது மழை நின்ற உடனே அடியிலையைத் திருப்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

1884-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா எங்களுக்குக் கிட்டத்தில்தான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது அப்படியே உள்ளே ஒரு நடை போவோம். ஆனால் அந்தத் ‘தாயும் பிள்ளையும்’ இலையை இதுவரை நேரில் பார்த்ததில்லை. விதை கிடைக்குமா அக்கா?

கெப்போங், கோலாலம்பூர்

நான் சுங்கை பூலோவில் வாங்கினேன். செடி வாங்க அங்கே போகிறவர்கள் அந்த இடத்தின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1930-ல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு அது. நோய் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மருந்து வந்து குணமான பிறகும் பலருக்குத் திரும்பிப் போக வீடில்லை. அங்கேயே செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று வரிசையாக நாம் பார்க்கிற நர்சரிகள் அப்படி வந்தவை.

எனக்கு விற்றவர் ஒரு சீனப் பெரியவர். செடி வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் கீழ் இலையெல்லாம் கொட்டியது. பயந்துபோய்த் திரும்ப ஓடினேன். “வீடு மாறினால் மனிதனுக்கே சாப்பாடு இறங்காது. அதை ஒன்றும் செய்யாதே. தொட்டி மாற்றாதே, உரம் வைக்காதே, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதே” என்று மலாயில் சொன்னார். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு மாதத்தில் தேறிவிட்டது.

பால் பற்றி ஒன்று. கையுறை இல்லாமல் கவாத்து செய்து, இரண்டு நாள் மணிக்கட்டில் அரிப்போடு அவதிப்பட்டேன். சட்டையில் பட்ட கறை இன்னும் போகவில்லை.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பேரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1753-ல் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் இதைக் குரோட்டன் இனத்தில் சேர்த்தார். பின்னால் தாவரவியலார் பிரித்துக் ‘கோடியேயம்’ என்ற தனி இனத்தில் வைத்துவிட்டார்கள். நம் வாயில் மட்டும் பழைய பேர் நின்றுவிட்டது. நிஜக் குரோட்டன் இனத்தைச் சேர்ந்தது நேர்வாளம், சித்த மருத்துவத்தில் கடும்பேதிக்குப் பேர்போனது. இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் வாயில் வைத்துவிட வேண்டாம். நம் வீட்டுச் செடியின் பாலும் வாயையும் வயிற்றையும் எரிக்கும். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

ஜெலுத்தோங் தம்பி, விதை போட்டால் அதே இலை வராது. என்ன வடிவம், என்ன நிறம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாய்ச்செடி மாதிரியே வேண்டும் என்றால் கொம்பு, இல்லை பதியன்தான்.

பாட்டி போன வருடம் தவறிவிட்டார். இந்தத் தடவை நானே கோடு போட்டேன், நானே சுரண்டினேன். கை நடுங்கியதில் கீழ்க்கோடு கோணலாகிவிட்டது. ஐந்து வாரமாகிறது. நேற்று பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மேல்பக்க விளிம்பில் இரண்டு வெள்ளை வேர் தெரிகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வருகிறோம். உங்கள் அம்மாவிடம் தொட்டி ஒன்று தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.