எடைச் சீட்டில் எல்லாம் சரி, பிறகு ஏன் டயர் வெடித்தது?

மாதவரத்துக்காரன்:
என் மைத்துனர் மினி பஸ் ஒன்றைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறார். காரனோடைப் பாலத்தைத் தாண்டியதும் அதன் வலப்புறப் பின்சக்கரத்தில் ஜோடியாக உள்ள இரண்டு டயர்களில் உள்டயர் வெடித்தது. அதைவிட, பிறகு எடை மேடையில் நடந்ததுதான் என் மனத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டியின் மொத்த எடை பதிவுச் சான்றில் உள்ள அளவுக்குள்தான் இருந்தது. பின் ஆக்சிலை, அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சை, மட்டும் ஏற்றிப் பார்த்தோம், அதுவும் சரியாகவே இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, மேடையில் இருந்த பெரியவர் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "வலப்பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்துங்கள், இடப்பக்கம் வெளியே இருக்கட்டும்" என்றார். தரையோடு தரையான மேடை என்பதால் அப்படி நிறுத்த முடிந்தது. டயரின் பக்கச்சுவரில் 121/120 என்று அச்சிட்டிருந்தது. அதன்படி ஒற்றையாக ஓடினால் ஒரு டயர் 1450 கிலோ தாங்கும், இரட்டைச் சக்கரத்தில் ஒன்றுக்கு 1400 கிலோதான். ஆகவே வலப்புற ஜோடிக்கு எல்லை 2800 கிலோ. திரையில் ஏறத்தாழ 2950 வந்து நின்றது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், அலமாரி ஆகிய அனைத்தையும், வண்டிக்குக் கூண்டு (மேல்உடல்) கட்டியவர் வலப்புறமே, அதுவும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைத்திருந்தார். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் சுமையோ முன்சக்கரத்தின் பாரத்தையும் சிறிது தூக்கிப் பின்சக்கரத்தின் தலையில் கட்டிவிடும். எடை மேடைக்காரருக்குத் தெரிந்த இது கூண்டு கட்டியவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மணலி ட்ரெய்லர்:
மாதவரத்து நண்பர் எடையையே பேசுகிறார். 150 கிலோ கூடுதலாக இருந்தது என்பதற்காக மட்டும் நல்ல டயர் வெடித்துவிடாது, காற்றும் குறைந்திருக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயிலை நோக்கி வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற ட்ரெய்லரின் ஓட்டுநர், வயதானவர், இறங்கி வந்து இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே போனார். எல்லாம் கணீரென்று ஒலித்தன. கடைசி ஜோடியின் உள்டயர் மட்டும் தொப்பென்று ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் ஒலித்தது. அவர் பக்கத்து வெளிடயரின்மேல் உள்ளங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். இரண்டு டயர் சுமக்க வேண்டியதை ஒன்றே சுமந்து வந்திருந்தது. துறைமுகத்துக்குள் அது புகைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஏற்றுமதிக் கண்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடையை அறிவித்தாக வேண்டும் என்ற விதி 2016 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஆனால் உள்ளே கிரானைட் பாளங்களை எந்த முனையில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

சாத்தாங்காடு:
இருவருமே பழைய கணக்கில் நிற்கிறீர்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்திவிட்டது. நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆயிற்று, இரட்டை ஆக்சிலுக்கு 19 டன் 21 டன் ஆயிற்று. இரும்புச் சந்தையில் இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றும்போது நான் இதைச் சொன்னால் ஓட்டுநர்கள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

மணலி ட்ரெய்லர்:
நம்ப மறுப்பவர்கள் புத்திசாலிகள். அரசிதழில் எண் மாறியதால் டயரின் பக்கச்சுவரில் அச்சான எண் மாறிவிடாது, பழைய வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டாவும் அரசிதழ் படிப்பதில்லை. எல்லையைத் தாண்டிப் பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இதுதான்.

கத்திவாக்கம்:
நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் மேம்பாலத்தில் பழுதான டிப்பர் ஒன்றை இன்னொரு லாரி சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு ஏறியது. டிப்பரின் பின்சக்கரங்கள் சுழலவே இல்லை. தார்ச்சாலையில் இரண்டு பட்டையான கறுப்புக் கோடுகள் பாலத்தின் அடிவாரத்திலிருந்து நீண்டு வந்தன, ரப்பர் கருகும் நெடியில் பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். காற்று பிரேக் உள்ள வண்டியில் பிரேக்குக்கான காற்று இறங்கிவிட்டால், பின்சக்கர பிரேக்கை இயக்கும் பூஸ்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இழுக்கும் முன் இழுக்கும் லாரியிலிருந்து காற்றுக் குழாய் கொடுக்க வேண்டும், அல்லது பூஸ்டரின் போல்ட்டைத் திருகி அந்த ஸ்பிரிங்கை விடுவிக்க வேண்டும். விடுவித்துவிட்டால் அந்த வண்டிக்கு பிரேக்கே இல்லை என்பதால், அதன்பிறகு சங்கிலி உதவாது, இரும்புக் கம்பிதான் வேண்டும். பின்சக்கரங்கள் தரையில் உருள இழுப்பதானால் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் என்ஜின் ஓடாத நிலையில் கியர்பாக்ஸின் மேல்பகுதிக்கு எண்ணெய் ஏறாது, பணிமனைக்குப் போய்ச் சேரும்போது இரண்டாவது செலவும் தயாராக இருக்கும். இரு வண்டிகளுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். கேரவன் வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும், அதிலும் கூண்டுக்குப் பின்னால் நீட்டியிருக்கும் பகுதி பள்ளத்தில் தரையைத் தட்டும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

எண்ணூர்க் கரை:
மணலி நண்பரின் கம்பித் தட்டலை மதிக்கிறேன், ஆனால் அதையே நம்பி வண்டி எடுப்பது சரியன்று. முழுதும் காற்றிறங்கிய டயரைத்தான் கம்பி காட்டிக் கொடுக்கும். காற்றழுத்தம் 110 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 90 இருந்தால் ஓசை மாறாது, அதற்கு அளவுமானி வேண்டும். உள்டயரின் வால்வுக்குக் கை எட்டவில்லை என்று விட்டுவிடுபவர்கள் நீட்டிப்புக் குழாய் ஒன்று வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

என் அனுபவம் சிறியது. தண்டையார்பேட்டையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், நெல்லூரிலிருந்து மதிய வெயிலில் ஓடி வந்த வண்டிக்குக் காற்று பார்த்த பையன், அளவு கூடியிருக்கிறது என்று வால்வை அழுத்தி இறக்கத் தொடங்கினான். எங்கள் ஓட்டுநர் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சூட்டில் காற்றழுத்தம் கூடுவது இயல்பு. அதை இறக்கிவிட்டால் வண்டி ஆறிய பிறகு அளவு குறைந்து நிற்கும், அந்த நிலையில் ஓடினால் பக்கச்சுவர் மேலும் மடங்கி மேலும் சூடாகும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதே முறை. அந்தப் பையனோ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, முதலாளியையே அழைத்து வந்தான், அவரும் பையன் பக்கமே பேசினார்.

மாதவரத்துக்காரன்:
வெடித்த டயரில் நான்கு இலக்கத் தேதி 3214 என்றிருந்தது, அதாவது 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் வரிகள், ஏறக்குறைய புதிதாகவே இருந்ததால் மைத்துனர் அதைப் பார்க்கவே இல்லை. நின்றே கிடக்கும் கேரவனில் பட்டன் தேய்வதற்குள் ரப்பர் கிழடாகிவிடுகிறது. காற்று குறைந்திருந்ததா என்று மணலி நண்பர் கேட்கலாம். வெடித்த டயரில் அதை இனி யார் அளப்பது?