ஜெபம் கேட்கப்படலன்னா என்ன பண்றீங்க? கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நாங்க கடலூர் முதுநகர். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் ஆகுது, கை கால் ஓரளவு தேறிடுச்சு ஆனா பேச்சு மட்டும் வரவே இல்ல. எங்க தெருவுல யாருக்கு முடியலன்னாலும் போய் ஜெபமாலை சொல்றவங்க அவங்கதான், இப்ப மணிய கையில உருட்டிட்டு வாய மட்டும் அசைக்கிறாங்க, பாக்க முடியல. நானும் வில்லியனூர் மாதா கோயிலுக்கு எத்தனையோ சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் குளத்தச் சுத்தி வந்து மெழுகுவத்தி ஏத்திட்டேன்.

போன வாரம் ஒரு சொந்தக்காரங்க வந்து "உங்களுக்கு விசுவாசம் பத்தலம்மா"ன்னு சொல்லிட்டு காபிய குடிச்சிட்டுப் போயிட்டாங்க. திருத்தூதர் பவுல் தன் உடம்புல முள்ளு மாதிரி இருந்த வேதனைய எடுக்கச் சொல்லி கடவுள்கிட்ட மூணு தடவ கேட்டும் எடுக்கப்படல, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனி தோட்டத்துல இயேசு விலகட்டும்னு கேட்ட துன்பக் கிண்ணமும் விலகல, அவங்களுக்கும் விசுவாசம் பத்தலயா? வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.

இப்ப நைட்டு அம்மா பக்கத்துல உக்காந்து பைபிள்ல திருப்பாடல் 13 படிக்கிறேன், "எவ்வளவு காலம்"னு திரும்பத் திரும்பக் கேக்குமே அது. 88 படிச்சா இருட்டுலயே முடியுது, ஆனா அம்மா அதுக்குத்தான் கண்ண மூடிக் கேக்கறாங்க.

இந்த மாதிரி வேற எதப் படிக்கலாம்? அப்புறம் கடலூர் பாண்டி பக்கம் வீட்டுக்கு வர்ற ஸ்பீச் தெரபிஸ்ட் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ், ஜெபத்த நிறுத்தல, இதையும் சேத்துப் பாக்கறேன்.